ஜீப்புல கேட்ட ரெண்டு சத்தம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். த்ரெட் கொஞ்சம் நீளம். பழைய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு உபயோகப்படும். காது வெச்சிருக்கறவங்களுக்கும்.

என்கிட்ட ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கு. 4 வீல் டிரைவ், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அப்பா 1996ல வாங்கினது. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. கதைக்கு அது தேவையில்ல. முப்பது வருஷத்தை நெருங்கற வண்டியில எது தேஞ்சாலும் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

2017 ஜூலையில அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தாங்க. அதுக்கு முன்னாடி தனுஷ்கோடி போனவங்களுக்குத் தெரியும். முகுந்தராயர் சத்திரத்தோட தார் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் மணல், சேறு, அங்கங்க கடல் தண்ணி. டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முன் சக்கரத்துக்கும் பவர் கொடுத்து, நிறுத்தாம ஓட்டணும். நிறுத்தினா புதையும். 1964 டிசம்பர் புயல் அழிச்ச ஊரைப் பாக்க வந்தவங்களை வேனுலயும் ஜீப்புலயும்தான் ஏத்திட்டுப் போவாங்க. அப்பாவும் அதைத்தான் செஞ்சார். நான் எம்.பி.பி.எஸ். படிச்ச ஹாஸ்டல் ஃபீஸ் அந்த மணல்ல இருந்துதான் வந்துச்சு. அப்பா இப்போ இல்ல. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. ரினிவல், டாக்ஸ்னு செலவு வந்தாலும் வண்டியை விக்க மனசு வரல. வாரம் ரெண்டு நாள் ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் தீவுக்கு நோயாளி பாக்கப் போறது இதுலதான்.

போன வருஷம் ஐப்பசி மழை முடிஞ்ச கையோட சத்தம் ஆரம்பிச்சது. கீச், கீச், கீச். வண்டி நகர ஆரம்பிச்சதும் வரும், வேகம் கூடக் கூட நெருங்கும், 40க்கு மேல போனா காத்துச் சத்தத்துல மறைஞ்சிடும். அணில் கத்துற மாதிரியே இருக்கும். ராமர் பாலத்து ஊர்ல அணில் சத்தம் கேட்டா புண்ணியம்தான். ஆனா அது சேசிஸுக்கு அடியில கேக்கக் கூடாது இல்லையா.

முதல்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல விட்டேன். பேர் வேண்டாம். பிரேக் ஷூ மாத்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு முன் சக்கர பேரிங் ரெண்டும் மாத்தினாங்க. அணில் அப்படியே இருந்துச்சு. அடுத்து கியர்பாக்ஸை இறக்கிப் பாக்கணும்னாங்க. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

ஏன்னா இது எனக்குப் பழக்கமான விஷயம். தலைவலின்னு வந்தவருக்கு எடுத்த உடனே ஸ்கேன், அதுல ஒண்ணும் இல்லன்னா இன்னொரு ஸ்கேன். நோயாளியை யாரும் பேசவே விட்டிருக்க மாட்டாங்க. மெடிக்கல் காலேஜ்ல எங்களுக்கு முதல்ல சொல்லித்தர்றதே கேள்வி கேக்கத்தான். எப்போ வருது? எங்க வருது? எதனால கூடுது? எதனால குறையுது? பொறுமையாக் கேட்டா பாதிக்கு மேல நோய் அங்கேயே பிடிபட்டுடும். வண்டிச் சத்தத்துக்கும் கேக்கற கேள்வி இதேதான்.

நின்ன இடத்துலயே ஆக்சிலரேட்டரை மிதிச்சா வருதா? வந்தா எஞ்சின் பக்கம். வரல.

ஓடும்போது கிளட்சை மிதிச்சு நியூட்ரல் போட்டா போகுதா? போகல. அப்போ எஞ்சினும் கிளட்சும் வெளியே. சக்கரத்தோட சேந்து சுத்துற ஏதோ ஒண்ணு.

பிரேக் லேசாத் தொட்டா மாறுதா? மாறல. அப்போ பிரேக் மேல சந்தேகம் குறையுது.

ரோட்டுல லேசா வலது பக்கம் வளைச்சா வண்டி பாரம் இடது சக்கரத்து மேல சாயும். இடது பேரிங் போயிருந்தா சத்தம் கூடும். மறுபக்கம் வளைச்சா குறையும். இதுலயும் மாற்றம் இல்ல. பேரிங் போனா வர்றது கீச் இல்ல, ‘ஊம்’னு ஒரு முனகல். ஆக, மாத்தின ரெண்டு பேரிங்கும் நல்ல பேரிங்.

இந்தக் குறிப்பெல்லாம் ஒரு பழைய பிரிஸ்கிரிப்ஷன் தாளுக்குப் பின்னாடி எழுதிக்கிட்டு, மண்டபம் பக்கம் ஷெட் வெச்சிருக்கற பாய்கிட்ட போனேன். அப்பா காலத்து மெக்கானிக். மணல்ல ஓடின ஜீப்புல பாதி அவர் கை பட்டது. அறுபதை நெருங்கறார். ஆள் ஒல்லி, பேச்சு கம்மி. தாளை வாங்கிப் பாத்தார். "கையெழுத்து புரியல தம்பி, வாயால சொல்லுங்க"ன்னார். நியாயம்தான்.

"முதல்ல ஒரு ரவுண்டு போலாம்"னு பக்கத்துல ஏறினார். பாம்பன் ரோட்டுப் பாலத்துல ஏறித் திரும்பி வந்தோம். 1988ல திறந்த பாலம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. நடுநடுவுல இரும்பு ஜாயின்ட் வரும், ஒவ்வொண்ணுலயும் சக்கரம் ஏறி இறங்கும். பாய் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலை ஃப்ளோர்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். கண்ணு கடலைப் பாக்குது. டூரிஸ்டுங்க வண்டியை ஓரங்கட்டி ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் காதெல்லாம் அணில்தான்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "பாய், கீச்சுனு வருதே, எங்கேருந்து?"

"கீச்சா?" அப்படின்னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "எனக்குக் கேட்டது வேற. ஜாயின்ட்ல ஏறுறப்ப இடது பக்கம் முன்னாடி டொக்குனு அடிக்குது."

"அது பாலத்து ஜாயின்ட் சத்தம் இல்லையா?"

"வலது சக்கரமும் அதே ஜாயின்ட்லதான் ஏறுது. அது ஒரு தடவை சொல்லுது. இடது ரெண்டு தடவை சொல்லுது."

இதயத்தோட ரெண்டாவது சத்தம் சில பேருக்கு ரெண்டாப் பிரிஞ்சு கேக்கும். ஸ்ப்ளிட்னு சொல்லுவோம். அதைக் காதுல பிடிக்க ஹவுஸ் சர்ஜன் பசங்க ஒரு வருஷம் திணறுவாங்க. பாய் அதைப் பாதத்துல பிடிச்சிருக்கார்.

சரி, முதல்ல அணில். எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போட்டு, ஷெட் பசங்க மூணு பேரும் டீக்கடையில நின்ன ரெண்டு பேரும் தள்ள, நான் பக்கத்துல நடந்தேன். எஞ்சின் சத்தம் இல்லாததால கீச் துல்லியமாக் கேட்டுச்சு. வாட்ச்சைப் பாத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 130ல இருந்து 140.

இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அதனால விரிவாச் சொல்றேன். ஆள் நடக்கற வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர்னு வைங்க. நிமிஷத்துக்கு சுமார் 67 மீட்டர். இந்த டயர் ஒரு சுத்து சுத்தினா சுமார் 2.2 மீட்டர் போகும். அப்போ சக்கரம் நிமிஷத்துக்கு 30 சுத்து. சத்தம் சக்கரத்துல இருந்து வந்தா 30 தடவைதான் கேக்கணும். ஆனா சக்கரத்துக்குப் பவர் கொண்டுபோற நீளமான ஷாஃப்ட் இருக்கே, அது சக்கரத்தை விட நாலஞ்சு மடங்கு வேகமாச் சுத்தும். டிஃபரன்ஷியல் பல் கணக்கு அது, வண்டிக்கு வண்டி மாறும். இதுல ஏறக்குறைய நாலரை. முப்பதை நாலரையால பெருக்கினா 135. கர்ப்பிணி வயித்துல குழந்தையோட இதயத் துடிப்பு எண்ணின மாதிரி இருந்துச்சு. அதுவும் 110ல இருந்து 160க்குள்ளதான் இருக்கும்.

ஆக, ஷாஃப்ட். ஆனா ஷாஃப்ட் ரெண்டு இருக்கு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எதுன்னு தெரிய ஒரு ஸ்பேனர்கூட தேவைப்படல. இந்த மாதிரி ஜீப்புல முன் சக்கரத்து நடுவுல ஒரு லாக் இருக்கும், கையால திருப்பறது. லாக் பண்ணினா சக்கரம் சுத்தும்போது உள்ள இருக்கற ஆக்ஸில், டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாம் கூடவே சுத்தும். எடுத்துவிட்டா சக்கரம் மட்டும் சுத்தும், மத்ததெல்லாம் சும்மா நிக்கும். மழைச் சேத்துக்காக நான் லாக் போட்டே வெச்சிருந்தேன். பாய் ரெண்டு பக்கமும் எடுத்துவிட்டார். மறுபடி தள்ளினாங்க.

நிசப்தம்.

முன் ஷாஃப்டோட கிராஸ். தெரியாதவங்களுக்கு: ஷாஃப்ட் மேலயும் கீழயும் மடங்கிக்கிட்டே சுத்தறதுக்கு, கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு மூட்டா இருக்கும். நாலு கைக்கும் நாலு கப், கப்புக்குள்ள ஊசி ஊசியா பேரிங். கிரீஸ் இருக்கற வரைக்கும் ஊமை. உப்புத்தண்ணி உள்ள போய் கிரீஸ் வெளிய வந்துட்டா கத்த ஆரம்பிச்சிடும். பாய் கழட்டிக் காட்டினப்ப கப்புக்குள்ள கிரீஸே இல்ல. செங்கல் பொடி மாதிரி துருப்பொடி கொட்டுச்சு.

இந்த மூட்டுக்கு கார்டன்னு ஒரு பேர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோ பேர்ல வந்தது. கணித மேதைன்னு உலகம் கொண்டாடுது, ஆனா தொழில் டாக்டர். பாய்கிட்ட இதைச் சொன்னேன். "அதான் இவ்ளோ சீக்கிரம் கெட்டுப்போகுது"ன்னார்.

அப்பா காலத்துல மணல்ல ஓடிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணில அடிப்பாகத்தைக் கழுவி, கிரீஸ் அடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க. நல்ல தண்ணின்னு சுலபமாச் சொல்லிட்டேன். தண்ணியில்லாக் காடுன்னு சினிமாவுல வில்லன் மிரட்டறது எங்க மாவட்டத்தைத்தான். தனுஷ்கோடியில பொம்பளைங்க மணல்ல ஊத்து தோண்டி, ஊறி வர்ற தண்ணியை அகப்பையால குடத்துல மொண்டு எடுப்பாங்க. கடல் உப்புத்தண்ணிக்கு மேல மழைத்தண்ணி மெல்லிசா மிதக்கறதால கிடைக்கற தண்ணி அது. அவங்க முன்னாடி எவன் ஜீப்பைக் கழுவுவான்? அப்பா ராமேஸ்வரம் வந்துதான் கழுவுவார்.

அணில் பிடிபட்டாச்சு, நான் கிளம்பியிருப்பேன். பாய் விடல. "டொக்கு இன்னும் இருக்கு தம்பி."

ஒரு நோயாளிக்கு ஒரு நோய்தான் இருக்கணும்னு சட்டம் கிடையாது. எல்லா அறிகுறிக்கும் ஒரே காரணம் தேடச் சொல்லி ஒரு விதி எங்க படிப்புல உண்டு. அதுக்கு எதிரா ஹிக்கம்னு ஒரு அமெரிக்க டாக்டர் பேர்ல இன்னொரு விதியும் உண்டு: எத்தனை நோய் வேணும்னாலும் ஒருத்தருக்கே வரலாம். வயசானவங்க விஷயத்துல ஹிக்கம்தான் அடிக்கடி ஜெயிப்பார். ஜீப்பும் வயசானதுதானே.

சேசிஸுக்கு ஜாக்கி போட்டு, முன் பட்டை ரெண்டும் தொங்கற மாதிரி தூக்கினார். உள்ள படுத்து, இடது பட்டையை நுனியில இருந்து விரலால தடவிக்கிட்டே வந்தார். பட்டை மேல எல்லாம் துரு, சேறு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. கம்பியை உள்ள விட்டு லேசா நெம்பினார். மெயின் பட்டை, சேசிஸ்ல மாட்டற வளையத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, முடி மாதிரி ஒரு கோடு திறந்து மூடுச்சு. உள்ள பாதி பழைய துரு, பாதி பளபளன்னு புது இரும்பு. அதாவது விரிசல் வளந்துக்கிட்டே இருந்திருக்கு.

மெயின் பட்டைதான் ஆக்ஸிலை முன்னப்பின்ன நகராம பிடிச்சு வைக்கறது. அது வளையத்துக்கிட்ட விட்டுச்சுன்னா அந்தப் பக்கத்து ஆக்ஸில் நழுவும், ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. பிரேக் அடிக்கறப்பவோ ஜாயின்ட்ல ஏறுறப்பவோதான் விடும். பாம்பன் பாலத்துல இடது பக்கம் என்ன இருக்குன்னு நான் சொல்ல வேண்டாம். முந்தின ஞாயித்துக்கிழமை அந்த சீட்டுல என் பொண்ணு உக்காந்து வந்தா.

ஊரைக் கூட்டின கீச் அந்த அளவுக்கு ஆபத்து இல்லாதது. அடக்கி வாசிச்ச டொக் ஆளை முடிச்சிருக்கும். வார்டுலயும் இப்படித்தான். கத்திக்கிட்டே வர்றவருக்கு முன்னாடி, வேர்த்து விறுவிறுத்து ஓரமா உக்காந்திருக்கறவரைப் பாக்கணும்.

மெயின் பட்டை ரெண்டு பக்கமும் புதுசு, வளையத்து புஷ், யூ போல்ட், கிராஸ். மதுரையில இருந்து சாமான் வந்து மாட்ட மூணு நாளாச்சு. வண்டி விஷயம் இவ்ளோதான்.

ஆனா எனக்கு வேற ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அந்தக் கீச் சத்தம் டீக்கடைக்காரருக்குக் கேட்டுச்சு. தள்ளின பசங்களுக்குக் கேட்டுச்சு. பாய் ஷாஃப்டுக்குப் பக்கத்துல குனிஞ்சு நடந்தும், "டேய், உனக்குக் கேக்குதா?"ன்னு பையன்கிட்ட கேட்டுக்கிட்டார். சத்தம் நின்னதும் பையன் முகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டார். டொக் மாதிரி கனமான சத்தம் அவருக்கு என்னை விட நல்லாக் கேக்குது. கீச் மாதிரி மெலிசான சத்தம் சுத்தமா இல்ல.

மூணாம் நாள் வண்டி எடுக்கப் போனப்ப டியூனிங் ஃபோர்க்கும் கொண்டுபோனேன். 512 ஹெர்ட்ஸ். ரெண்டு காதுலயும் நல்லாவே கேட்டுச்சு, எலும்பு மேல வெச்சதை விட காதுக்கு வெளிய வெச்சப்ப கூடுதலா. அழுக்கு, சீழ், செவிப்பறை ஓட்டைன்னு எதுவும் இல்ல. கோளாறு உள்காதுல. 512ங்கறது கனமான சத்தம், அது கேட்டதுல அதிசயம் இல்ல. இரைச்சல் முதல்ல தின்னுறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல.

"வீட்ல டிவி சத்தம் கூட வைக்கறீங்களா பாய்?"

"அவங்கதான் சண்டை போடறாங்க."

"ஆள் பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியலையா?"

ஸ்பேனரைத் துடைச்சிக்கிட்டே இருந்தார். அப்புறம், "பேத்தி பேசறது" அப்படின்னார். வேற ஒண்ணும் சொல்லல.

காரணம் இதுதான். ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துச் சத்தம் கனமானது, கேட்டுடும். ச, ஸ, த மாதிரி ஒலி மெலிசு, உயர்ந்த சுருதி. அது போயிட்டா பேச்சு இரைச்சலா வரும், வார்த்தையா வராது. சின்னப் பிள்ளைங்க குரல் இயல்பிலேயே உயர்ந்த சுருதி, அதனால முதல்ல தொலையறது அதுதான். சமாளிக்கத்தான் பாய் கையாலயும் காலாலயும் வண்டியைக் கேக்கப் பழகியிருக்கார்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில ஆடியோகிராம் எடுக்க வெச்சேன். 1000 வரைக்கும் கோடு ஒழுங்காப் போகுது. 4000ல ரெண்டு காதுலயும் கிணத்துல விழுந்த மாதிரி இறக்கம். உள்காது ரோம செல்கள் மனுஷனுக்கு செத்தா திரும்ப முளைக்காது.

85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வேலை பாக்கலாம்னு பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 100க்கு வெறும் கால் மணி நேரம். கிரைண்டிங் மெஷின் தகரத்துல பட்டா 100ஐத் தொடும். நாப்பது வருஷம் அது, கூட சம்மட்டி. இரைச்சலால வர்ற செவிட்டுத்தன்மை நம்ம தொழில் பாதுகாப்புச் சட்டத்துல தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு. ஆனா நாலு பேர் வேலை பாக்கற ரோட்டோர ஷெட் அந்தச் சட்டத்துக்கு ஃபேக்டரியே கிடையாது.

காதுக் கருவி போடச் சொன்னேன். அரசாங்கம் இலவசமாவே தருது. பாய் சிரிச்சார். "மெக்கானிக் காதுல மெஷின் மாட்டியிருந்தா எவன் தம்பி வண்டி விடுவான்? சத்தம் கேக்காதவன்கிட்டயா சத்தம் பாக்கக் கொடுப்பாங்க?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு பேரிங்கை வீணா மாத்தினவங்க எல்லாருக்கும் காது நல்லாத்தான் கேட்டுச்சு, உண்மைதான். ஆனா வாடிக்கையாளர் அப்படி யோசிக்க மாட்டார். அவர் கவலை நெசமானது. இதை அவர் அனுமதியோடதான் எழுதறேன். பேரும் ஷெட் இருக்கற இடமும் சொல்லக் கூடாதுங்கறது அவர் போட்ட ஒரே கண்டிஷன்.

ரெண்டு மாசம் இழுத்துட்டு வாங்கிக்கிட்டார். மஃரிப் தொழுதுட்டு வீட்டுக்குப் போனதும் மாட்டுவார், தூங்கறப்ப கழட்டுவார். ஷெட்டுக்குக் கொண்டு வர்றதில்ல. முதல் நாள் ராத்திரி, சுவர்ல பல்லி கத்துறதைக் கேட்டு என்னன்னு எந்திரிச்சுப் பாத்தாராம். பேத்தி இப்போ அவர் மடியிலதான் ஸ்கூல் கதை எல்லாம் சொல்றாளாம். நிறையப் பேசறான்னு ஒரு புகாரும் வந்திருக்கு.

ஷெட்ல கிரைண்டிங் பண்ற பையனுக்குப் பதினெட்டு வயசு. அவனுக்குக் காதை மூடற மஃப் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். முதல் ரெண்டு வாரம் கழுத்துல மாலை மாதிரி கிடந்துச்சு. மாட்டாம மெஷினை எடுத்தா அன்னைக்குச் சம்பளம் இல்லன்னு பாய் சொல்லிட்டார். போன வெள்ளிக்கிழமை கிரீஸ் அடிக்கப் போனப்ப பாத்தேன், ஒழுங்கா மாட்டிக்கிட்டு ஒரு தகரத்தை அறுத்துக்கிட்டு இருந்தான். பாய் டீ வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டார். அவனுக்குக் கேக்கல. "செவிட்டுப் பயலே"ன்னு கத்திட்டு, என்னைப் பாத்துட்டு, தானே தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.